பிங்கிக்குச் சீமந்தம்

எங்கள் பிங்கிக்குச் சீமந்தம் செய்யலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் எதிர்வீட்டு ரோஜா. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எல்லாரும் என்னையே கை காட்டுவார்கள். காட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

ரோஜாவிடம் ஒரு தையல் மிஷின் இருக்கிறது. அதில் அவள் தைத்ததைவிட அதன் முன்னால் நின்று வீடியோ எடுத்துக்கொண்டதுதான் அதிகம். சாம்பார் கொதித்தால் வீடியோ, மழை பெய்தால் வீடியோ, புருஷன் குறட்டை விட்டால் அதற்கும் வீடியோ. சித்தூரில் நான் குடிவந்த இந்தப் பத்து வருஷத்தில் அவளை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. அவள் பேச்சைப் போய்க் கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிங்கி நாட்டு நாய். வெள்ளையில் பழுப்புத் திட்டு, ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். என் மகள் யமுனா கல்யாணமாகித் திருச்சானூருக்குப் போனாள். அங்கே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை. அந்த லாட்ஜ் வாசலில் கிடந்த குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு, "உனக்குத் தொணையா இருக்கும்மா" என்று கொண்டுவந்து விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு எவள் துணையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் புருஷன் ரங்கையா குட்டியானை வண்டி ஓட்டுகிறார். தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போனால் ரெண்டு நாள், மூன்று நாள் வீடு காலி. சரி, கிடக்கட்டும் என்று விட்டேன்.

நான் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலைக்குப் போகிறவள். பழத்தோல் சீவிச் சீவி உள்ளங்கை வெடித்துவிடும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பிங்கி வந்து கையை நக்கும். எரியும். எரிந்தாலும் நக்க விடுவேன். ஊரில் ஒருத்தரும் என் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை, அவள் பார்த்தாள்.

ஆடி மாதத் தொடக்கத்தில் பிங்கி பருவத்துக்கு வந்தாள். ஒரு நாள் கேட்டைத் திறந்து போட்டிருந்த நேரம் பார்த்து வெளியே ஓடி, சாயங்காலம்தான் வந்தாள். கூடவே தெருக்கோடி வரைக்கும் ஒரு செவலை நாய் வந்தது. ஆவணியில் அவள் வயிறு மெல்ல உப்பியது. சோறு வேண்டாம் என்றாள். காலையில் மஞ்சளாக வாந்தி எடுத்தாள். குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்தாள். மசக்கை என்று நான் சொன்னேன், தெருவே ஆமாம் போட்டது. எனக்கு ஒரு குட்டி, உனக்கு ஒரு குட்டி என்று நாலு வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டார்கள்.

"அக்கா, பிங்கிக்குச் சீமந்தம் பண்ணலாங்க்கா. செம்மையா வீடியோ எடுக்கலாம்" என்றாள் ரோஜா.

"போடி, வேலையத்தவளே" என்று துரத்தினேன். துரத்திவிட்டு அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சீமந்தம் நடக்கவில்லை. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. யமுனா வயிற்றில் எட்டு மாதம், நான் அடுத்தவன் கழனியில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். வளையல் போட்ட கை கத்தி பிடிக்குமா என்று மாமியார் கேட்டாள், அதோடு பேச்சு முடிந்தது. இரண்டாவது பிள்ளைக்கும் அதே கதை. ஆசையை வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நானும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில், நாய் பேரைச் சொல்லி அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. ஏழெட்டுப் பொம்பளைகள் வந்தார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று நானே விடியலில் எழுந்து செய்தேன். கண்ணாடி வளையல் காலில் நிற்காது என்பதால், பச்சையும் சிவப்புமாக வளையல்களைச் சிவப்பு நூலில் கோத்துப் பிங்கி கழுத்தில் கட்டினோம். நெற்றியில் குங்குமம். அவளால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துகொண்டாள். தயிர் சாதத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, பிங்கி மேல ஏதோ நாத்தம் அடிக்குதுக்கா" என்றாள் ரோஜா, போனைப் பிடித்தபடியே.

எனக்கும் தெரியும். அதற்கு முந்தின வாரம் பின்பக்கமாக ஏதோ கசிந்தது. ஊதாவா சிவப்பா என்று சொல்ல முடியாத நிறம். துடைத்துவிட்டேன். பிரசவத்துக்கு முன்னால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் நின்றுபோனது, நல்லதுதான் என்று நினைத்தேன். இப்போது ரோஜா சொன்னதும் கிண்ணத்திலிருந்த சந்தனத்தை அள்ளிப் பிங்கியின் தொடையிலும் வாலிலும் பூசினேன். வீடியோவில் அது தெரிகிறது. நான் சிரித்துக்கொண்டே பூசுகிறேன்.

அன்றைக்கே ரோஜா அந்த வீடியோவை நெட்டில் போட்டுவிட்டாள். மறுநாள் திங்கட்கிழமை காலையில் யமுனா போன் செய்தாள்.

"அம்மா, அது இன்னாமா வீடியோ?"

"பாத்தியா? தெருவுல எல்லாரும் பாத்துட்டாங்களாம். பிங்கி அழகா கீறா இல்ல?"

"ஆபரேஷன் பண்ணியாச்சின்னு சொன்ன."

அந்தப் பொய்யை நான் மறந்தே போயிருந்தேன். போன வருஷம் தை மாதத்தில் யமுனாதான் சித்தூர் நாய் டாக்டர் ஹரிபாபுவிடம் பேசி, பிங்கிக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக் கொடுத்தாள். நானும் பிங்கியை வெறும் வயிற்றோடு கூட்டிப்போனேன். ஹரிபாபு நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"ஒவ்வொரு தபா பருவம் வந்து போறப்பவும் கர்ப்பப்பையில ஆபத்து கூடிக்கினே போவும் லட்சுமம்மா. குட்டி வேணாம்னா இப்பவே எடுத்துடறது மேலு."

டேபிள், ஊசி, அந்த டெட்டால் வாசனை. "ஒரு தடவகூட பெத்துக்காதவளுக்கு ஆபரேஷனா? உன் பொண்டாட்டிக்குப் பண்ணு போ" என்று அந்த மனுஷன் முகத்துக்கு நேராகக் கத்திவிட்டுப் பிங்கியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யமுனாவிடம், ஆச்சு, தையல்கூட பிரிச்சாச்சு என்றேன். அவள் வந்து பார்த்தபோது, தழும்பு முடிக்குள்ளே மறைந்துவிட்டது என்று சொன்னேன். நம்பினாள். அம்மா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்.

இப்போது மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் எனக்குப் பணிவு வராது, கோபம்தான் வரும்.

"பண்ணல. அதுக்கு இன்னா இப்போ? குட்டி போட்டுட்டுப் போவுது."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். "தண்ணி நெறைய குடிக்குதா? சோறு துன்னுதா? பின்னாடி ஏதாச்சும் ஒழுவிச்சா?"

"புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும். உனக்கு இன்னா தெரியும்? நீ பெத்தியா, வளத்தியா?"

கல்யாணமாகி நாலு வருஷமாகக் குழந்தை இல்லாத மகளிடம் இதைச் சொன்னேன். சொன்னேன், இல்லை என்று மழுப்ப மாட்டேன்.

அவள் குரல் மட்டும் இறங்கியது. "எங்க லாட்ஜ் ஓனரு நாய்க்கு இப்படியேதாம்மா ஆச்சு. குட்டின்னு நெனச்சிக்கினு இருந்தாங்க. உள்ள ஒரு குட்டியும் இல்ல, பூரா சீழு. இன்னிக்கே ஹரிபாபு டாக்டருகிட்ட இஸ்துக்கினு போ. இப்பவே கெளம்பு."

"நாக்க அடக்குடி. நேத்துதான் வளையல் போட்டுக் கீறேன். புள்ளத்தாச்சிய பாத்து சீழுன்ற, உருப்படுமா அந்த வாயி?"

"அம்மா, உனக்கு முகாம்ல பண்ணாங்க, அப்புறம் தம்பி செத்துட்டான். எனக்குத் தெரியும். அதுக்குப் பிங்கி இன்னாமா பண்ணும்?"

இருபத்திரண்டு வயதில் எனக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்தார்கள். ஒரு பெண், ஒரு பையன், போதும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன். இரண்டரை வயதில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது, நாலாம் நாள் போய்விட்டான். இன்னொன்று பெற்றுக்கொள் என்றார்கள் வந்தவர்கள். நான் அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினேன். அன்றிலிருந்து ஆபரேஷன் என்ற சொல்லே எனக்கு ஆகாது. அதை இவள் எடுத்து என் முகத்தில் எறிகிறாள்.

போனை வைத்தேன். மறுபடி அடித்தாள். மறுபடி, மறுபடி. நேராக ரோஜா வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டி, "இந்த நம்பர் இனிமே வரக் கூடாது. பிளாக் பண்ணி மூடு" என்றேன். அவள் மூடிக்கொடுத்தாள்.

மத்தியானம் கோயம்பேட்டிலிருந்து என் புருஷன் பேசினார். யமுனா அவரிடம் அழுதிருக்கிறாள்.

"இன்னாமே, பாப்பா பயப்படுது. டாக்டருகிட்ட காட்டிடேன்."

"காட்டிட்டேன். நல்லா கீதுன்னாரு."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது. அவர் அதை அப்படியே மகளிடம் சொல்லிவிட்டார். அவளும் அடங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பிங்கி சமையற்கட்டு வாசலில் சாய்ந்து கிடந்தாள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தேன். கையை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நாக்கை நீட்டினாள். ஒரு தரம் பட்டது, காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அதற்குமேல் நக்கவில்லை. வயிறு கல்லாக இருந்தது. குட்டி இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன். மகள் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டரிடம் போகலாமா என்று ஒரு தரம் எழுந்து செருப்பைக்கூட மாட்டினேன். போனால் அந்த ஹரிபாபு என்னைப் பார்த்து என்ன நினைப்பார்? மகள் சொன்னது சரி என்றாகிவிட்டால்? செருப்பைக் கழற்றிவிட்டேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு லோடு இறக்கிவிட்டு அவர் வந்தார். பிங்கியைப் பார்த்தவர் வண்டிச் சாவியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ஈறு வெளுத்து மெழுகு மாதிரி இருந்தது.

"டாக்டரு அன்னிக்கு இன்னா சொன்னாரு?"

"டாக்டருகிட்ட போவல."

அவர் என்னைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மாதிரிப் பார்த்ததில்லை. பிங்கியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்.

ஹரிபாபு கதவைத் திறந்த வேகத்தில் ஸ்கேன் பார்த்தார். திரையில் கறுப்பாக, குழாய் குழாயாகத் தெரிந்தது. "குட்டி லேது அம்மா. ஒண்ணுகூட இல்ல. கர்ப்பப்பை பூரா சீழு. அதோட வாய் மூடிக்கிச்சு, வெளிய வர வழியில்லாம உள்ளயே தேங்கிப்போச்சு. இவ்ளோ முத்திப்போனத செய்ய என்கிட்ட வசதி கிடையாது. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, வெண்டனே, இப்பவே" என்றார். போன வருஷம் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சலைன் போட்டு, அவரே பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி வரைக்கும் வந்தார். அவர் நல்லவராக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

திருப்பதி போகும் வழியெல்லாம் என் மடியில் பிங்கி, கையில் பாட்டில். சந்திரகிரி தாண்டும்போது என் புருஷன் தன் போனிலிருந்து யமுனாவிடம் விஷயத்தைச் சொன்னார். என் போனில்தான் அவள் நம்பர் மூடிக்கிடக்கிறதே.

நாங்கள் போவதற்கு முன்பே அவள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பிங்கியை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி ஃபாரம் எழுதினாள். வயசு என்ன, எத்தனை கிலோ, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்றெல்லாம் கேட்டுவிட்டு, "கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் முன்னாடியே ஆயிருக்கா?" என்றாள்.

யமுனா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆயிடுச்சின்னு சொன்னாங்க, மேடம்" என்றாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான், "இல்ல. ஆவல. நான் பொய் சொன்னேன்" என்றேன். அந்த இடத்தில் நாய், மாட்டுக்கன்று, கோழி என்று வைத்துக்கொண்டு இருபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது.

கழுத்து வளையல்களை நான் கழற்றியிருக்கவில்லை. பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்தேன். உள்ளே நூலை வெட்டியபோது அவை தரையில் கொட்டியிருக்கின்றன. ஒரு நர்ஸ், மிஞ்சியதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம், ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறிக் கிட்னி இரண்டும் போய்விட்டது, மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, லேட்டாக வந்துவிட்டீர்கள் என்றாள். யமுனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

சித்தூருக்குக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் புதைக்கலாம் என்றார் என் புருஷன்.

"வேணாம் நைனா. நான் திருச்சானூர்லேருந்துதான் குடுத்தேன். அங்கயே போட்டுக்கறேன்" என்றாள் யமுனா அப்பாவிடம். அப்புறம் என்னைப் பார்க்காமல், "அவங்க கையால மண்ணு போட வேணாம்" என்றாள்.

மருமகன் கிரண்குமார் மண்வெட்டியோடு வந்தான். மூன்று பேரும் லாட்ஜுக்குப் பின்னாலிருந்த காலி மனைக்குப் போனார்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், மடியில் வளையல் கவரோடு. எனக்கும் அவளைப் பார்க்க வேண்டும் என்று கத்தத் தோன்றியது. எந்த வாயால் கத்துவது?

வீட்டுக்கு வந்ததும் வாசலில் ரோஜா நின்று மூக்கைச் சிந்தினாள். "உன்னாலதாண்டி" என்று அவள் மேல் பாய்ந்தேன். வீடியோ எடுத்துச் சாகடித்தாய், போனை மூடிச் சாகடித்தாய் என்று தெருவே கூடும்படி கத்தினேன். "நாத்தம் அடிக்குதுன்னு சொன்னேங்க்கா" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தெருவில் பிங்கியைப் பற்றி உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் ஆளாக மதிக்கவில்லை.

அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதன் கீழே வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். எத்தனை குட்டி, எத்தனை குட்டி என்று கேட்டிருந்தார்கள். எடுத்துவிடட்டுமா என்று ரோஜா கேட்டாள். எடுக்காதே, கீழே எழுது என்றேன். குட்டி இல்லை, வயிற்றில் சீழ், பிங்கி செத்துப்போனாள், பொட்டை நாய்க்குக் காலத்தில் ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள், வேண்டாம் என்று நின்றவள் சந்தனம் பூசுகிற இந்தப் பொம்பளைதான் என்று சொன்னேன். அவள் தயங்கித் தயங்கி எழுதினாள். அப்படியே மூடிய நம்பரையும் திறந்துவிடச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் என்னைத் திட்டி எழுதினார்கள். ரோஜாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு அது வேண்டியிருந்தது. இவ்வளவு பேர் முன்னால் ஒத்துக்கொண்டுவிட்டேன், இனி என் மகள் பேசுவாள் என்றும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

மூன்றாம் நாள் பேசினாள்.

"படிச்சேன். தப்பா எழுதிக் கீற."

"இன்னாடி தப்பு? எல்லாத்தயும் ஒத்துக்கினேனே."

"ஆபரேஷன் பண்ணாதது போன வருஷத்துத் தப்பு. அதுக்கப்புறமும் அவ பொழச்சிருப்பா. திங்கக்கெழம காலையில நான் சொன்னேன். புதன்கெழம காலையிலதான் நைனா தூக்கிக்கினு போனாரு. நடுவுல ரெண்டு நாளு. அத எழுதவே இல்லயே."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன். மணி அடிக்கவே இல்லை. இந்தத் தடவை அவள் என் நம்பரை மூடியிருந்தாள்.

ரோஜாவைக் கூப்பிட்டேன். "போதும்க்கா, விட்டுடுக்கா" என்றாள். எழுதுடி என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். வயிற்றில் சீழ் இருக்கும், இப்போதே டாக்டரிடம் போ என்று திங்கட்கிழமை காலையிலேயே என் மகள் சொன்னாள். நான் அவள் நம்பரை மூடினேன். டாக்டரிடம் காட்டிவிட்டேன் என்று என் புருஷனிடம் பொய் சொன்னேன். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பிங்கி என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள், நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.